ஓர் உதையின் வரலாறு

டார்க் மெசையா விளையாடிய யாரிடம் கேட்டாலும் கதையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். உதையைப் பற்றித்தான் பேசுவார்கள். பிரான்சின் லியோன் நகரில் தொடங்கிய ஆர்கேன் ஸ்டூடியோஸ் உருவாக்கி, 2006 அக்டோபரில் யூபிசாஃப்ட் வெளியிட்ட விளையாட்டு அது. வாள், வில், மந்திரம் எல்லாம் உண்டு. ஆனாலும் பாறை விளிம்பில் நிற்கும் ஓர்க்கை ஒரே உதையில் பள்ளத்துக்கு அனுப்பும் சுகம் தனி.

அந்த உதை திடீரென்று வந்துவிடவில்லை. மாயாஜால ஆர்பிஜிக்களின் வேர் தாளும் பகடையும். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் அடி என்பது கழித்தல் கணக்கு. எதிரியின் உயிர் 40, வாளின் அடி 8 என்றால் ஐந்து வெட்டு. கணினிக்கு வந்தபிறகும் பெரும்பாலும் அதே கணக்குதான். பக்கத்தில் குழி இருக்கிறதா, தீ எரிகிறதா என்று அந்தக் கணக்கு கேட்காது.

1992இல் அல்டிமா அண்டர்வேர்ல்ட் நம்மைப் பாதாளச் சிறைக்குள் முதல் நபர் பார்வையில் இறக்கிவிட்டது. எறிந்த பொருள் சுவரில் பட்டுத் தெறித்தது. ஆர்கேனின் முதல் விளையாட்டான ஆர்க்ஸ் ஃபட்டாலிஸ் (2002) இந்த மரபில் வந்தது. இடையில் 1998இல் டிரஸ்பாசர் என்ற டைனோசர் விளையாட்டு இன்னும் துணிந்தது. நாயகியின் கையை மவுஸால் நாமே நீட்டி, மடக்கி, பொருளைத் தூக்க வேண்டும். பெட்டிகள் வழுக்கின, கை கோணிக்கொண்டது, விமர்சகர்கள் கிழித்துவிட்டார்கள். இயற்பியலை உள்ளே போட்டால் விளையாட்டு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அங்கே அடிவாங்கியது.

2004இல் ஹாஃப்-லைஃப் 2 வந்தது. அதன் சோர்ஸ் எஞ்சினில் ஹேவோக் இயற்பியல் இருந்தது. அதே எஞ்சினில்தான் ஆர்கேன் டார்க் மெசையாவைக் கட்டியது. கயிற்றை அறுத்தால் மேலே தொங்குவது தலையில் விழும். தரையில் பனி மந்திரம் போட்டால் ஓடிவருகிறவன் வழுக்கி விழுவான்.

ஒரு கேலியும் உண்டு. எந்தக் கோட்டையில் காவலாளிக்குப் பக்கத்திலேயே முள்பலகை வைப்பார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் நிரல் எழுதுகிறவனாக எனக்கு அந்த முள்பலகைதான் முக்கியமாகத் தெரிகிறது. நிறை, வேகம், மோதல் எல்லாவற்றையும் எஞ்சின் கணக்கிட்டுவிடும். அந்த மோதலுக்கு ஓர் அர்த்தம் வர வேண்டுமென்றால், யாரோ ஒரு வடிவமைப்பாளர் யோசித்து அதை அங்கே வைத்திருக்க வேண்டும். டிரஸ்பாசரில் குறைந்தது இந்த ஏற்பாடுதான்.

இன்னொன்றும் செய்தார்கள். திறன் புள்ளிகள் கொன்ற கணக்குக்குக் கிடையாது, குறிக்கோளை முடித்தால்தான். எல்லாரையும் வெட்டித் தீர்த்து லெவல் ஏறவேண்டிய அவசியமில்லை. எண்களில் பலவீனமாக இருந்தாலும் நிற்கும் இடத்தைக் கவனித்தால் பிழைக்கலாம். குனிந்து பார்த்தால் நம் உடலும் கால்களும் தெரியும். உதைப்பவனும் அதே விளிம்பில்தான் நிற்கிறான். தவறி வைத்தால் அவனும் போவான்.

2011இல் வந்த ஸ்கைரிமிலும் ஹேவோக் இருந்தது. பாலாடைக்கட்டி மலையில் உருண்டது, சண்டை பெரும்பாலும் கழித்தல் கணக்காகவே நீடித்தது. ஆர்கேன் மட்டும் 2012இல் டிஸ்ஹானர்டில் தன் வழியைத் தொடர்ந்தது. கணக்கிடும் சக்தி இன்று எல்லாரிடமும் இருக்கிறது. அறையைப் பார்த்து யோசிக்கவைக்கும் ஆர்பிஜிதான் இன்னும் அபூர்வம்.