தராசுத் தட்டில் தாய்மை

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, நாயகம் (ஸல்) அவர்கள் நிறைவேற்றிய ஹஜ்ஜின்போது, முஸ்தலிஃபாவில் தங்கிய இரவில் அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் ஓர் அனுமதி வேண்டினார்கள். அன்னையார் கனத்த உடலினர், மெல்ல நடப்பவர். மக்கள் திரள் புறப்பட்டு நெருக்குவதற்கு முன்னரே மினாவுக்குச் சென்றுவிட விரும்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்தார்கள். தாமும் அவ்வாறு கேட்டிருக்கலாகாதா எனப் பின்னாளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஏங்கியதையும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்கள் பதிந்துள்ளன. கடமை நின்றது, கனத்த உடலுக்கு அதனுள் வழியும் கிடைத்தது.

இன்று அத்தகைய உடல்வாகுள்ள பெண்ணொருத்தி, மணமாகி ஆண்டுகள் சில கடந்தும் குழந்தைப்பேறு வாய்க்காமல் மருத்துவரை நாடினால், அவள் கேட்கும் முதற்சொல் பல வேளைகளில், "எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்பதே. இல்லத்தில் ஏச்சு, மருத்துவமனையில் தராசு. இச்சொல் மருத்துவத்துள் புகுந்த வரலாற்றை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

பருமன் கருவைத் தடுக்கும் என்னும் எண்ணம் பழமையானது. அறபு நூலோர் 'புக்ராத்' என அழைத்த ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்று, சிதியப் பெண்டிரைப் பற்றி அவ்வாறே கூறுகிறது. ஆனால் அதை எண்ணாக்கிய கணக்கு 19ஆம் நூற்றாண்டினது. பெல்ஜிய நாட்டு வானநூலறிஞர் அடோல்ஃப் கெத்தலே 1830களில், வளர்ந்த மனிதரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி அமைகிறது எனக் கண்டார். அவர் தேடியது 'சராசரி மனித'னை, நோயாளியை அன்று. அக்கணக்கிற்கு 1972இல் 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' எனப் பெயரிட்டவர் அமெரிக்கரான ஏன்சல் கீஸ். அதற்காக அவரும் உடனாய்ந்தோரும் அளந்தவர்கள் 7,000க்கும் மேற்பட்ட ஆடவர். பெண்ணொருத்தியும் அதில் இல்லை! அவ்வெண்ணே பின்னர்ப் பெண்ணின் கருப்பைக்கும் வாயிற்காவலன் ஆயிற்று.

சூலுற்றவளின் உணவைக் குறைக்கும் வழக்கத்திற்கு வேறொரு வேர் உண்டு. 1889இல் ஹாம்பர்க் நகர மருத்துவர் லுட்விக் ப்ரோகோவ்னிக், இடுப்பெலும்பு குறுகிய பெண்களுக்கு இறுதி வாரங்களில் உணவையும் நீரையும் மட்டுப்படுத்தினார். சிசு சிறுத்தால் பிரசவம் எளிதாகும் என்பது அவர் கருத்து. அறுவைச் சிகிச்சை உயிருக்கே ஆபத்தாக இருந்த அக்காலத்தில் அதற்கொரு நியாயம் இருந்தது. சிலருக்கென வகுத்த முறை எல்லோர்க்கும் விதியானதுதான் விபரீதம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மருத்துவர் பலர், பேறுகால எடையேற்றம் 15 முதல் 20 ராத்தலுக்குள் அடங்க வேண்டுமெனக் கண்டித்தனர். சூல்வலிப்புக்கு முன் உடலில் நீர் கோத்து எடை திடீரென ஏறும். அடையாளமான அவ்வேற்றத்தையே காரணமெனக் கொண்டுவிட்டனர். பட்டினி கிடந்த தாய்மார் எத்தனை பேரோ!

1970இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகத்தின் குழுவொன்று இவ்விதியைத் தள்ளி, சராசரியாக 24 ராத்தல் ஏறலாம் என்றது. பருமனான தாய்மாருக்கு 1990இல் குறைந்தது 15 ராத்தல் என்றும், 2009இல் 11 முதல் 20 ராத்தல் என்றும் அந்நாட்டு வல்லுநர் குழுக்கள் வகுத்தன. ஒரே உடல், விதிகளோ பல.

பருமனான தாய்க்குப் பேறுகால நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் அறுவைப் பிரசவமும் நேரும் வாய்ப்பு மிகுதி என்பது உண்மை. அதனை மறைத்தல் தகாது. அது கூடுதல் கவனிப்புக்குக் காரணமாகுமேயன்றி, கதவடைப்புக்கு ஆகுமா? இங்கிலாந்தின் பல பகுதிகளில் குறியெண் 30ஐயும், நியூசிலாந்தில் 32ஐயும் கடந்தவர்களுக்கு அரசுச் செலவில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை இல்லையென எல்லை வகுத்தனர்.

முதலில் எடை, பிறகு சிகிச்சை என்பது பலன் தருமா? நெதர்லாந்தில் 577 பெண்களைக் கொண்டு ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பிரிவினர் ஆறு மாதம் எடை குறைக்க முயன்றபின் சிகிச்சை பெற்றனர். மறு பிரிவினர் உடனே பெற்றனர். இரண்டாண்டுக்குள், நிறைமாதத்தில் அறுவையின்றி நலமான ஒற்றைக் குழந்தை ஈன்றோர் முதற்பிரிவில் 27.1 விழுக்காடு, உடனே சிகிச்சை பெற்றோரில் 35.2. முதற்பிரிவில் இயல்பாகவே கருவுற்றோர் மிகுதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், 379 பெண்களிடையே எடை குறைப்பு நலமான பிள்ளைப்பேற்றைக் கூட்டவில்லை. முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆறு மாதம் என்பது சிறு பொழுதன்று. அவள் காத்திருக்கும் காலத்தில் கணவனை யாரும் பரிசோதிப்பதுமில்லை. நம் இல்லங்களில் இது பெருங்குறை.

கருவுற்ற பின்னும் கருவிகள் அவளுக்கேற்ப அமைவதில்லை. இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896இல் அமைத்த இரத்த அழுத்தமானியின் கைப்பட்டை மிகக் குறுகியது. குறுகிய பட்டை பருத்த கையில் அழுத்தத்தை மிகைப்படுத்திக் காட்டும் என்பதை 1901இலேயே ஜெர்மானியரான ஃபொன் ரெக்லிங்ஹவுசென் காட்டி, அகன்ற பட்டையைப் பரிந்துரைத்தார். கருவுற்றவளிடம் அவ்வெண்ணைக் கொண்டே சூல்வலிப்பின் அபாயம் கணிக்கப்படுகிறது. அகன்ற பட்டை மேசையறையில் இல்லையாயின், வேறிடத்திலிருந்து தருவிக்குமாறு கேட்கலாம். மாற்றி அளந்ததும், உயர்ந்து நின்ற எண் சிலருக்கு இறங்கிவிடுவதுண்டு.