பரிசும் பணிப்பெண்களும்

கிறிஸ்துமஸ் பண்டிகையின் பரபரப்பைத் தணித்து எளிமையாகக் கொண்டாட வேண்டுமென்று அமெரிக்காவில் எழுந்த இயக்கத்தின் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், நியூயார்க் நகரத்துப் பெருங்கடைகளில் காலை முதல் இரவு வெகுநேரம்வரை கால்கடுக்க நின்று, மிகுதி உழைப்புக்குக் கூலியும் பெறாமல் வீடு திரும்பிய ஏழைப் பெண்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1891-இல் ஜோசபின் ஷா லோவெல் முதலிய மாதர் அந்நகரில் நிறுவிய நுகர்வோர் சங்கம், ஊழியரை நியாயமாக நடத்தும் கடைகளின் பெயர்களை 'வெள்ளைப் பட்டியல்' என வெளியிட்டு, அவற்றிலேயே பொருள் வாங்குமாறு வேண்டியது. 1899-இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற புளோரன்ஸ் கெல்லி, பண்டிகைக்கு வேண்டியவற்றை முன்னதாகவே வாங்கிவிடுங்கள் என்று ஓயாது பிரசாரம் செய்தார். கடைசி நேரத்தில் ஒருவர் வாங்கும் பொம்மைக்கு இன்னொருவருடைய உறக்கமே விலையாகிறது என்பதை அவ்வளவு தெளிவாக உணர்ந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே.

உழைப்போடு கொடுமை நின்றதா? கடைப்பெண்கள் தம் சொற்ப வருமானத்திலிருந்து பணம் திரட்டி மேலதிகாரிகளுக்குப் பரிசளிக்க வேண்டும் என்பது எழுதாத விதியாக இருந்தது. அன்பின் அடையாளமாய்ப் பிறந்த பரிசு, எளியோர் செலுத்தும் கப்பமாகத் திரிந்தது. உழைக்கும் பெண்கள் கோடைக்கால ஓய்வுக்கென்று சிறுகச் சிறுகச் சேமிக்க உதவிய நிதியோடு தொடர்புகொண்டிருந்த ஆன் மார்கன், வங்கியதிபர் ஜே. பி. மார்கனின் புதல்வி. அவரும், நாடகமேடையை விட்டுச் செல்வர் இல்லத்தில் வாழ்க்கைப்பட்ட எலினார் பெல்மாண்டும் 1912-இல், பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கத்தை ஸ்தாபித்தனர். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவ்வாண்டே அதில் அங்கத்தினரானார். ஆயினும் எனக்கு அவருடைய கீர்த்தியைவிடப் பெரிதாகத் தோன்றுவது, கட்டாய வசூலுக்கு இணங்க மாட்டோம் என்று ஒன்றுகூடிச் சொல்ல ஒரு கடைப்பெண் பெற்ற தைரியமே. தனித்து மறுத்தவள் வேலையை இழக்க அஞ்சுவாள்; சங்கமாய் மறுக்கும்போது அவளுக்குப் பக்கபலம் உண்டு. கொடுப்பதை அச்சங்கத்தார் வெறுத்தாரல்லர். மனமுவந்து கொடுக்கும் சுதந்திரத்தையே மீட்க விரும்பினர்.

முதல் உலக யுத்தத்தின் ஆரவாரத்தில் சங்கம் மங்கி மறைந்தது. முன்னதாக வாங்குங்கள் என்ற கோரிக்கையோ மறையவில்லை. வியாபாரிகள் அதைத் தமது விளம்பரமாக்கிக்கொண்டனர். ஊழியரின் சுமையைக் குறைக்கவென்று சொல்லப்பட்ட அவ்வாசகம், பண்டிகை வியாபாரத்தை டிசம்பருக்கு முன்பே தொடங்கிவைக்கும் கருவியாயிற்று.