சாவு மேளத்தைப் பதியாத இரவு

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு காலனித் தெருவில், மார்கழி இரவில், மைக் இல்லாமல் நடந்த பறையும் பாட்டும் நிகழ்ச்சியைப் பதிவுசெய்யப் போயிருந்தோம். சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை. பனியில் தோல் தொய்ந்திருந்தது. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவதும், விரலால் தட்டிப் பார்ப்பதும், மறுபடி காய்ச்சுவதுமாக அரைமணி நேரம் போனது. அதை நாங்கள் பதியவில்லை. பறையின் சுருதி அந்த நெருப்பில்தான் இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

போனைப் பக்கத்தில் வைத்ததும் தப்பு. அடி ஏறும்போதெல்லாம் போன் தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. பாடிய அம்மாவின் குரல் அமுங்கிப்போனது. இருபதடி தள்ளி நின்ற பிறகுதான் இரண்டும் சேர்ந்து கிடைத்தன.

தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. அந்தப் பறையைச் சாதி இழவு வீட்டு ஊழியமாக்கியது. 'இனி அடிக்க மாட்டோம்' என்று மறுத்ததும் தலித் வரலாறு. அதே பறையை மேடையேற்றியதும் தலித் வரலாறு. சிவகங்கைப் பக்கத்து மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் இரண்டாவது வழியில் நடந்தவர். 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்த நெருப்பை மறக்கவிடாத இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோனது அவர் குரல். எழுதியவரையும் பாடியவரையும் நமக்குத் தெரியும். கூட வாசித்தவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்?

அன்றிரவு வயதில் மூத்த கலைஞர் எல்லா அடியும் அடித்துக் காட்டினார். ஒன்றுக்கு மட்டும் கை நீட்டித் தடுத்தார்: "தம்பி, சாவு மேளத்த போனுல புடிக்காதீங்க. எம் பையன் அத அடிக்க மாட்டேன்னுட்டான். நாளைக்கு அதக் காட்டி அவனக் கூப்புடுவானுங்க."

பயம் வீண் இல்லை. இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தது 2023 ஜனவரி 30-ல்தான். பதியாவிட்டால் அவரோடு அந்த அடி போய்விடும் என்று எங்களில் சிலர் வாதாடினோம். ஆனால் அழியட்டும் என்று சொல்லும் உரிமையும் அவருடையதுதானே? போனை அணைத்தோம்.

மறுநாள் கேட்டுப் பார்த்தபோது எந்தப் பதிவிலும் ஒருவர் பெயரும் இல்லை. குணசேகரனின் குழுவைப் பற்றிக் கேட்ட நாமே அதைத்தான் செய்திருந்தோம்! அடுத்த வாரம் நோட்டோடு போனோம். ஏழு பேர். பாடிய அம்மா தன் பெயரோடு பாட்டைக் கற்றுக்கொடுத்த பாட்டியின் பெயரையும் எழுதச் சொன்னார். பெரியவர் தன் பெயரைப் போடலாம், ஊர்ப்பெயர் மட்டும் வேண்டாம் என்றார். அப்படியே எழுதிக்கொண்டோம்.