முட்டி தேயாமல் தரை தேய்க்க: தண்ணீரைத் தானே சுமக்கும் பிரஷின் கதை



இந்த மலருக்கு எங்கள் துப்புரவுக் குழுவின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். எத்தனை பேர் சேர்ந்தோம், எவ்வளவு சேமித்தோம், எத்தனை முறை கடன் வாங்கிக் கட்டினோம் என்பதெல்லாம் தீர்மான நோட்டில் இருக்கிறது. அதை எங்கள் ஊக்குநர் என்னைவிட நன்றாக எழுதுவாங்க. நான் எழுத நினைத்தது வேறு. போன வருஷம் கூட்டமைப்புக் கூட்டத்தில் டீ ஆறிப்போகும் வரைக்கும் ஒரு பிரஷுக்காகச் சண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கா? "இதை எவன் கண்டுபிடிச்சான்?" என்று ஒரு அக்கா அன்றைக்குக் கேட்டாங்க. யாருக்கும் தெரியலை. என் மகள் ஃபோனில் தேடிக் கொடுத்ததையும் கிளை நூலகத்தில் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பிரஷைப் பார்க்காதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு உயரத்துக்கு ஒரு கைப்பிடி. அதோடு சேர்த்து ஒரு தண்ணீர் டப்பா. கீழே பிரஷைக் கவ்விப் பிடிக்கிற கட்டை, அதில் சின்னச் சின்னத் துளைகள். கைப்பிடியில் இருக்கிற விசையை அழுத்தினால் தண்ணீர் துளை வழியாக இறங்கி நாருக்குள் போகும். நின்றபடியே தேய்க்கலாம். வாளி, மக்கு, குனிவது எதுவும் வேண்டாம்.

என் அம்மா ஒரு கல்யாண மண்டபத்தில் பதினெட்டு வருஷம் தரை தேய்ச்சாங்க. பந்தி முடிந்த கூடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பாரும் பாயசமும் மிதிபட்டுக் காய்ந்து ஒட்டியிருக்கும். கையகலத்துக்கு ஒரு பிரஷ், பக்கத்தில் வாளி, முட்டிக்கு அடியில் மடித்த கோணிச் சாக்கு. ஒரு ஓரத்தில் மண்டி போட்டால் அடுத்த ஓரத்தில்தான் எழுந்திருப்பாங்க. கடைசியில் வலது முட்டிச் சில்லுக்கு மேல் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை எடுத்தாங்க. மறுபடியும் கோத்துக்கிச்சு. வயசான உடம்பு, விதி என்று நாங்களும் விட்டுட்டோம்.

அந்த வீக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்கு இந்த வருஷம்தான் தெரிந்தது. 'ஹவுஸ்மெய்ட்ஸ் நீ'. வீட்டு வேலைக்காரியின் முட்டி என்று அர்த்தம். முட்டிச் சில்லுக்கு முன்னால் தோலுக்கு அடியில் ஒரு சின்ன நீர்ப்பை இருக்கிறதாம். மண்டியிட்டு மண்டியிட்டு அழுத்தினால் அது புண்பட்டு வீங்குகிறது. இங்கிலாந்தில் தரை தேய்த்த பெண்களுக்கு இது அவ்வளவு சாதாரணமாக வந்ததால் நோய்க்கே வேலைக்காரியின் பெயரை வைத்துவிட்டார்கள். 1889-இல் ஜெரோம் கே. ஜெரோம் என்பவர் எழுதிய 'த்ரீ மென் இன் எ போட்' என்ற நகைச்சுவை நாவலில் ஒருவர் மருத்துவப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, எல்லா நோயும் தனக்கு இருக்கிறது, இந்த முட்டி நோய் ஒன்றுதான் இல்லை என்று முடிவு கட்டுவார். படித்தபோது நானும் சிரித்தேன். அப்புறம்தான் யோசிச்சேன், அந்த மனுஷன் என்றைக்குத் தரை தேய்ச்சாரு, அவருக்கு வர?

தேய்த்தவள் எழுதியதும் இருக்கிறது. ஹன்னா கல்விக் என்ற பெண், 1833-இல் பிறந்தவர், லண்டனிலும் வேறு ஊர்களிலும் வீட்டு வேலை செய்தவர். பல வருஷம் நாட்குறிப்பு எழுதினார். எத்தனை செருப்புத் துடைத்தேன், எந்தப் படியை மண்டி போட்டுத் தேய்த்தேன் என்று அன்றன்றைக்கு எழுதி வைத்திருக்கிறார். கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி நூலகத்தில் அது இன்றும் பத்திரமாக இருக்கிறது. நம்ம நோட்டில் வேலை விவரம் எழுதச் சொன்னால் "இதையெல்லாமா எழுதறது?" என்று சலித்துக்கொள்கிற தங்கச்சிகள் கவனிக்கணும்.

சரி, பிரஷுக்கு வருவோம். இவ்வளவு கஷ்டம் என்றால் ஒரு நீளமான குச்சியைச் செருகிவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் குச்சி சுலபம், தண்ணீர்தான் சங்கடம். மண்டி போட்டுத் தேய்க்கும்போது வாளி கைக்குப் பக்கத்தில் இருக்கும். நான்கு இழுப்பு இழுத்ததும் பிரஷ் காய்ந்துபோகும், உடனே நனைத்துக்கொள்ளலாம். நின்று தேய்த்தால் வாளி கீழே, நாம் மேலே. நனைக்க ஒவ்வொரு தடவையும் நடந்து போய்க் குனியணும். தரையில் மொத்தமாகத் தண்ணீரைக் கொட்டினாலோ, அதை வழித்து எடுக்கப் பாதி நாள் போய்விடும்.

இந்தச் சங்கடத்துக்கு இரண்டு வழியில் விடை தேடியிருக்கிறார்கள்.

ஒன்று, பிரஷை விட்டுவிட்டுத் துணிக்குப் போவது. துணி தண்ணீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 1837-இலேயே ஜேக்கப் ஹோவ் என்பவர் குச்சி முனையில் துணியைக் கவ்விப் பிடிக்கும் பிடிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஆனால் துணியைப் பிழிய மறுபடியும் குனியணும், அழுக்குத் தண்ணீரில் கை வைக்கணும். 1893-இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சேர்ந்த தாமஸ் டபிள்யூ. ஸ்டூவர்ட் என்ற கறுப்பினத்தவர், நெம்புகோலை இழுத்தால் துணி தானே பிழிபடுகிற மாப்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது 1865-இல். அதற்குப் பிறகும் அந்நாட்டில் வெள்ளைக்காரர் வீட்டுத் தரைகளை மண்டியிட்டுத் தேய்த்தவர்களில் கறுப்பினப் பெண்கள் ஏராளம். பிழிகிற கையைப் பற்றி அவர் யோசித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஸ்பெயின் நாட்டுக் கதை இன்னும் சுவையானது. அங்கே 1950-கள் வரைக்கும் பெண்கள் துணியை வைத்து மண்டியிட்டுத்தான் தரை துடைத்தார்கள். மானுவல் ஹலோன் என்ற விமானப் பொறியாளர் பயிற்சிக்காக அமெரிக்கா போனார். விமானக் கொட்டகைத் தரையை ஆட்கள் நின்றபடியே மாப்பாலும், பிழிகிற உருளை வைத்த வாளியாலும் துடைப்பதைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி 1956-இல் சரகோசா நகரில் அதேபோல ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு 'ஃப்ரெகோனா' என்று பெயர் வந்தது. அந்தச் சொல் அதற்கு முன்னால் யாரைக் குறித்தது தெரியுமா? பாத்திரம் தேய்த்துத் தரை துடைக்கிற வேலைக்காரியை. செர்வாண்டெஸ் 1613-இல் வெளியிட்ட ஒரு கதையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அவ்வளவு பழைய, ஒருத்தியை மட்டம் தட்டுகிற சொல். இன்றைக்கு ஸ்பெயினில் கடைக்குப் போய் ஃப்ரெகோனா கேட்டால் மாப்பை எடுத்துக் கொடுப்பார்கள். பெண்ணின் மேல் ஒட்டியிருந்த பெயர் குச்சிக்குப் போய்விட்டது. இதைப் படித்த அன்றைக்கு நான் சோறு பொங்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மாப்பு துடைக்கும், தேய்க்காது. காய்ந்த சாம்பாருக்கும் பாசிக்கும் நார் வேண்டும். அதனால்தான் இரண்டாவது வழி: பிரஷோடு தண்ணீரையும் கட்டி அனுப்புவது. இங்கிலீஷில் இந்த மாதிரிப் பிரஷுக்கு 'ஃபவுண்டன் பிரஷ்' என்று பெயர், ஃபவுண்டன் பேனா மாதிரி. பெயர் மட்டும் ஒற்றுமை இல்லை, சிக்கலும் ஒன்றுதான். மைப் பேனா எழுதணும் என்றால் மை வெளியே வருகிற அளவுக்குக் காற்று உள்ளே போகணும். 1884-இல் வாட்டர்மேன் காப்புரிமை வாங்கிய பேனாவின் சூட்சுமமே அதுதான். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் குபுக் குபுக்கென்று தடுமாறும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஊற்றும், இல்லையா? பிரஷ் டப்பாவிலும் மேலே ஒரு காற்றுத் துளை வேண்டும். அது அடைந்தால் தண்ணீர் நின்றுபோகும்.

எடையும் ஒரு விஷயம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாலு லிட்டர் டப்பாவைக் கைப்பிடியின் மேலே வைத்தால் முட்டி தப்பிக்கும், தோள் போய்விடும். டப்பாவைச் சின்னதாக்கினால் அடிக்கடி நிரப்பணும். பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்கிற சுற்றும் மெஷினில் தொட்டி இருந்தாலும் எடையைத் தரை தாங்கிக்கொள்கிறது. அதற்குக் கரண்டு வேண்டும், காசும் வேண்டும்.

இந்த வரிசையில் ஒரு பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. அன்னா பிஸ்ஸல், அதே மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் ராபிட்ஸ் ஊர். அவரும் கணவரும் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். கம்பளத்தில் ஒட்டும் மரத்தூளைப் பெருக்க, உருளைப் பிரஷை ஒரு பெட்டிக்குள் வைத்துத் தள்ளுகிற கருவியைக் கணவர் செய்து 1876-இல் காப்புரிமை வாங்கினார். பிரஷ்களுக்கான பன்றி முடியை அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் வீட்டிலிருந்தே கட்டிக் கொடுத்தார்கள். அன்னா கூடையோடு போய் வீடு வீடாக வாங்கி வந்தார். (நம்ம ஊதுபத்திக் குழு ஞாபகம் வருதா?) 1884-இல் தொழிற்சாலை தீப்பிடித்தது. வங்கிகளில் பேசிக் கடன் வாங்கி மறுபடி எழுப்பியது அன்னாதான். 1889-இல் கணவர் இறந்த பிறகு கம்பெனியைத் தானே நடத்தினார். தொழிலாளர்களுக்கு ஓய்வூதியமும், வேலையில் காயம்பட்டால் இழப்பீடும் கொடுத்தார். அவர் 1934-இல் காலமானார். அதே கம்பெனி 1956-இல் சோப்புத் தண்ணீரைத் தானே விட்டுக்கொண்டு கம்பளம் தேய்க்கிற கருவியைக் கொண்டுவந்தது. ஸ்பெயினில் ஃப்ரெகோனா வந்த அதே வருஷம்.

இனி நம்ம சண்டை. முதல் பிரஷை வாங்கியதே எங்கள் குழுவில் முட்டி வலிக்காரர் இரண்டு பேருக்காகத்தான். நாங்கள் ஆறு பேராகச் சுத்தம் செய்கிற ஒரு இடத்தில் அதை எடுத்துக்கொண்டு போனோம். பொறுப்பாளர் நின்று வேடிக்கை பார்த்தார். பார்த்துவிட்டு, "அதான் மிஷின் வந்துடுச்சே, இனிமே நாலு பேர் போதும்" என்றார். மிஷினாம்! டப்பா கட்டின குச்சி அது.

அதைக் கூட்டத்தில் சொன்னதும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "பிரஷைத் தூக்கிப் போடுங்கக்கா, ரெண்டு பேர் வீட்டுல அடுப்பு எரியாது" என்று சின்ன வயசுக்காரர்கள் சொன்னார்கள். அதில் தப்பில்லை, கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் வெளியே போவார்கள். அப்போது எங்கள் குழுவின் மூத்த அக்கா எழுந்து, "உங்க ரெண்டு பேரு வேலையை என் முட்டியை வச்சுத்தான் காப்பாத்தணுமா?" என்று கேட்டாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

முடிவில் போட்ட தீர்மானம் உங்களுக்குத் தெரியும். பிரஷ் கூட்டமைப்பின் சொத்து, பொது நிதியிலிருந்து வாங்கினது. இனி ஆள் கணக்கில் ஒப்பந்தம் கிடையாது, சதுர அடிக் கணக்கில்தான். எத்தனை பேர் போகிறோம், எதை வைத்துத் தேய்க்கிறோம் என்பது நம்ம பாடு. இரண்டு இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை, அந்த வேலை போய்விட்டது. அந்த ஆறு பேரில் ஒரு தங்கச்சிக்கு இன்னும் மாற்று வேலை சரியாக அமையவில்லை. மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். இதையும் எழுதாவிட்டால் கணக்கு இடிக்கும்.

அம்மாவிடம் ஒரு நாள் பிரஷைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்தபடியே வாங்கி, விசையை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாங்க. தண்ணீர் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "நார் பத்தாது, எண்ணெய்ப் பிசுக்குக்கு இன்னும் கெட்டியா வேணும்" என்றாங்க. அவங்க சொன்னது சரி. அடுத்த தடவை கெட்டி நார் வாங்கினோம்.

பிரஷ் இப்போது ஆறு இருக்கிறது, கூட்டமைப்பு அலுவலகத்தில் பீரோவுக்குப் பக்கத்தில். எடுப்பவர்கள் நோட்டில் கையெழுத்துப் போடணும். நம்ம பகுதித் தண்ணீர் உப்பு என்பதால் துளைகளில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் கட்டையை ஊறவைத்து, துளைகளை ஊசியால் குத்திவிடுங்கள். டப்பாவில் ஆசிட் ஊற்றவே கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்ட டப்பாவில் ஆசிட் விட்டால் வருகிற புகை ஆளையே சாய்த்துவிடும். வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்து, நார் அழுந்தாதபடி ஆணியில் மாட்டுங்கள். மூன்றாம் நம்பர் பிரஷின் விசை இறுகிக் கிடக்கிறது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறோம்.