கந்தா மியோஜின்: அரசு விலக்கிய தெய்வம்

குடிகள் வணங்கிவரும் தெய்வம் ஒன்றை அரசு தன் ஆணையாலே பதவிநீக்கஞ் செய்தல் கூடுமோ? கூடும் என்று கருதிய அரசொன்று சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் யப்பான் நாட்டில் இருந்தது. 1874 ஆம் ஆண்டிலே, தோக்கியோ மாநகரின் நடுவண் உள்ள கந்தா மியோஜின் என்னுஞ் சிந்தோக் கோயிலில், ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழிபடப்பட்ட தெய்வம் மூலத்தானத்தினின்றும் வெளியேற்றப்பட்டது. சரியாக நூற்றுப்பத்து ஆண்டுகள் கழித்து, 1984 இல், அத்தெய்வம் மீண்டும் உள்ளே எழுந்தருளியது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே யப்பானிய அரசுக்கும் சமயத்துக்கும் இருந்த உறவின் வரலாறு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

கந்தா என்னும் பெயரைக் கேட்டவுடன் கந்தவேளை நினைப்பார் உளராயின், அவ்வொற்றுமை ஒலியளவில் நின்றுவிடும் என்பதை முதற்கண் கூறிவிடுதல் நன்று. யப்பானிய மொழியில் அச்சொல்லை எழுதும் எழுத்துக்கள் ‘தெய்வத்தின் வயல்’ எனப் பொருள்படும். கோயிலுக்கு நெல் விளைத்த நிலம் என்பது கருத்து. மியோஜின் என்பது தெய்வத்தைச் சுட்டும் பழைய சிறப்புப்பெயர்களுள் ஒன்று.

ஒச்சனோமிசு புகையிரத நிலையத்தில் இறங்கி இக்கோயிலுக்குச் செல்வோர், 1927 இல் கட்டப்பட்ட ஹிஜிரிபாலத்தைக் கடப்பர். அதன் பெயர்க்கு ‘ஞானியர் பாலம்’ என்று பொருள். பாலத்தின் ஒரு கரையில் 1891 இல் எழுந்த உருசிய வைதிகக் கிறித்தவப் பேராலயம். மறு கரையிற் கொன்பூசியசுக்கு எடுத்த யூஷிமா மண்டபம். அதற்கு அப்பால் நடந்தால் தோரி எனப்படும் வாயில் தோன்றும். இரு தூண்களும் அவற்றின்மேற் குறுக்கு மரங்களுமாக நிற்கும் இவ்வாயிலுக்குக் கதவில்லை. புறவுலகிலிருந்து தெய்வத்தின் எல்லைக்குள் அடியெடுத்து வைக்கிறோம் என்பதை உணர்த்துவதே அதன் தொழில். உள்ளே செல்லின், 1975 இல் சைப்பிரசு மரத்தாற் கட்டப்பெற்ற இரண்டு நிலைக் கோபுரவாயில் செந்நிறத்தோடு விளங்கும். அருகிலுள்ள நீர்த்தொட்டியில் அகப்பையால் நீர் மொண்டு கைகளையும் வாயையும் தூய்மை செய்துகொண்டு, சந்நிதியில் நின்று காணிக்கை இட்டு, இருமுறை தலைதாழ்த்தி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை தலைதாழ்த்துவதோடு வழிபாடு நிறைவுறும். நீண்ட மந்திரமில்லை, உருவத்திருமேனியும் கண்ணுக்குப் புலப்படாது. வணிகர் கூட்டமாக வந்து ஆண்டின் முதல் வேலைநாளில் வழிபடுவதும் இக்கோயிலிற் பெருவழக்கு. மின்கருவிக் கடைகள் நிறைந்த அக்கிஹபாரா அண்மையில் இருத்தலின், கணினிகளுக்குத் தீங்கு நேராவண்ணம் காக்கும் தாயத்தும் இங்கே விற்கப்படுகின்றது. பழமை தன் காலத்தோடு இணங்கிப் பிழைக்கும் முறை இதுபோலும்.

இக்கோயிலில் இன்று மூன்று தெய்வங்கள் உறைகின்றன. முதலாவது தைக்கொக்கு. இத்தெய்வத்தின் பிறப்பு சைவ மாணவர்க்கு வியப்பூட்டும். சிவபெருமானின் மகாகாலன் என்னுங் கோலம் பௌத்தத்தினூடாகச் சீனஞ் சென்று, ‘பெருங்கரியன்’ எனப் பொருள்பட மொழிபெயர்க்கப்பட்டு, தைக்கொக்கு என்னும் ஒலியோடு யப்பானை அடைந்தது. அங்கே ஒக்குனினூஷி என்ற நாட்டுத் தெய்வத்தின் பெயரெழுத்துக்களையும் தைக்கொக்கு என வாசிக்கலாமாகையால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அச்சந்தரும் மகாகாலன், நெல்மூடைகளின்மேல் நின்று சுத்தியலை ஏந்திச் சிரிக்குஞ் செல்வத்தெய்வமாக மாறிய விந்தை இது. இரண்டாவது எபிசு. மூன்றாவது தெய்வமே இக்கட்டுரைக்குரியது. அது புராணத்தில் வந்ததன்று. வரலாற்றில் வாழ்ந்து, வாளேந்திப் போர்செய்து, தலை வெட்டப்பட்டு மாண்ட ஒரு மனிதன். அவன் பெயர் தைரா நோ மசகாதோ.

மசகாதோ பத்தாம் நூற்றாண்டினன். கன்மு சக்கரவர்த்தியின் ஐந்தாந் தலைமுறை வழித்தோன்றல். இளமையிற் கியோத்தோ நகருக்குச் சென்று, அரசவையிற் செல்வாக்கு மிக்கிருந்த பூஜிவாரா தாதாஹிராவிடம் ஊழியம் புரிந்தான். அங்கே தக்க பதவி கிட்டாது கிழக்கு மாகாணத்துக்குத் திரும்பினான். 935 இல் உறவினரோடு மூண்ட பகை போராயிற்று. அதில் தந்தையின் உடன்பிறந்தாருள் ஒருவனான குனிக்கா உயிரிழந்தான். குடும்பப்பகையாகத் தொடங்கியது 939 இல் அரசுக்கெதிரான கலகமாக முற்றியது. ஹித்தாச்சி மாகாணத்தின் அரசாங்கத் தலைமையகத்தை அவன் தாக்கிக் கைப்பற்றினான். தொடர்ந்து கந்தோச் சமவெளியின் எட்டு மாகாணங்களும் அவன் கைப்பட்டன. கோயிற் பெண்ணொருத்தி தெய்வமேறி, ஹச்சிமான் தெய்வம் அவனுக்கு அரசு தருகின்றதென்று கூற, அவன் தன்னைப் ‘புதிய சக்கரவர்த்தி’ எனப் பிரகடனஞ் செய்தான்.

இவ்வரலாற்றைக் கூறும் ‘ஷோமொன்கி’ என்னும் பழைய நூலில் அவன் தன் செயலுக்குக் காட்டும் நியாயம் கருதற்பாலது. தான் அரச குருதியினன் என்பது ஒன்று. வலிமையால் வென்றவனே அரசனாதல் உலகெங்கும் உள்ள வழக்கு என்பது மற்றொன்று. இதற்குச் சான்றாக, கித்தான் அரசன் 926 இல் பொகாய் நாட்டை வென்று தனதாக்கிய செய்தியை அந்நூல் எடுத்துக்காட்டுகின்றது. தெய்வ வழித்தோன்றல் என்ற ஒன்றையே உரிமையாகக் கொண்டு ஆண்ட அரசமரபின்முன் இவ்வாதம் எத்துணை அபாயமானது என்பதைக் கூறவேண்டுவதில்லை. யப்பானிய வரலாற்றிற் கலகக்காரர் பலர். ஆயின், ஆளுஞ் சக்கரவர்த்தி இருக்கவே தன்னையுஞ் சக்கரவர்த்தி எனக் கூறத் துணிந்தோர் மிக அரியர்.

அவனுடைய அரசு ஏறக்குறைய இரண்டு மாதமே நிலைத்தது. 940 ஆம் ஆண்டு இரண்டாம் மாதத்தில், குனிக்காவின் மைந்தன் சதமோரியும் பூஜிவாரா ஹிதேசத்தோ என்பவனும் படைகொண்டு எதிர்த்தனர். போர்க்களத்தில் அம்பு பாய்ந்து மசகாதோ வீழ்ந்தான். துண்டிக்கப்பட்ட தலை கியோத்தோவுக்கு அனுப்பப்பட்டு மக்கள் காண வைக்கப்பட்டது. இவ்வளவும் வரலாறு. அத்தலை மாதக்கணக்காக வாடாது, தன் உடலைத் தேடிக் கிழக்கே பறந்துசென்று ஷிபசாக்கி என்ற சிற்றூரில் வீழ்ந்தது என்பது மக்கள் சொல்லிய கதை. ஷிபசாக்கி இன்று தோக்கியோவின் ஒத்தேமாச்சி. வங்கிகளின் வானளாவிய மாடங்கள் செறிந்த இடம்.

கலகக்காரன் தெய்வமானது எங்ஙனம்? மனக்குறையோடு மாண்டவரின் ஆவி கொள்ளைநோயாகவும் இடியாகவும் வந்து நாட்டை வருத்தும், அதனைத் தணிக்க வேண்டுமாயின் வழிபாடு செய்தல் வேண்டும் என்பது யப்பானியரின் தொன்மையான நம்பிக்கை. நாடுகடத்தப்பட்டு 903 இல் இறந்த அறிஞர் சுகவாரா மிச்சிசானே இவ்வாறே தெய்வமாகி, இன்றுங் கல்வித் தெய்வமாக மாணவராற் போற்றப்படுகின்றார். 730 இல் தோன்றியதாக மரபு கூறும் கந்தாக் கோயில், மசகாதோவின் தலை புதைந்ததெனக் கருதப்பட்ட மேட்டருகே அந்நாளில் இருந்தது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியிற் கொள்ளைநோய் பரவியபோது, அது மசகாதோவின் சினமென்று மக்கள் அஞ்சினர். பௌத்தத் துறவியொருவர் சாந்தி செய்தார். 1309 இல் அவன் ஆவி அக்கோயிலில் தெய்வமாக அமர்த்தப்பட்டது. அச்சம் நாளடைவில் அன்பாயிற்று. தங்களை வருத்தக்கூடியவன் தங்களைக் காக்கவும் வல்லவன் என்று கிழக்கு நாட்டார் கருதினர்.

இந்நம்பிக்கையைத் தொக்குகவா மரபினர் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். 1600 இல் செக்கிகஹாராப் போருக்கு முன்னர் இயெயாசு இக்கோயிலில் வெற்றி வேண்டி வழிபாடு செய்வித்தான் என்பர். வெற்றி கிட்டிய நாள் கோயிற் பெருவிழா நாளாகவும் அமைந்தது. 1616 இல் கோயில் எடோக் கோட்டையின் வடகீழ்த் திசையில் இன்றுள்ள மேட்டுக்கு மாற்றப்பட்டது. சைவ மரபில் ஈசானம் என மங்கலமாகக் கொள்ளப்படும் அத்திசையை யப்பானியர் ‘பேயின் வாயில்’ என அஞ்சுவர். அவ்வாயிலுக்குக் காவலாகவே மசகாதோ வைக்கப்பட்டான். கியோத்தோவிலிருந்த சக்கரவர்த்தியின் பிடியினின்றும் விலகிக் கிழக்கிலே தனியாட்சி நடத்திய தொக்குகவா மரபினர்க்கு, முன்னொரு காலத்திற் கிழக்கிலே தனியாட்சி நாட்ட முயன்றவன் உவப்பான காவற்றெய்வமாக இருந்ததில் வியப்பில்லை. விழா ஊர்வலம் கோட்டைக்குள்ளேயே புகுந்து ஷோகன் காண வலம்வந்தது. தச்சரும் சாயக்காரரும் கொல்லரும் நிறைந்த கந்தாப் பகுதி மக்களுக்கு அது பெருமைக்குரிய நாள்.

1868 இல் ஷோகன் ஆட்சி வீழ்ந்தது. மெய்ஜிச் சக்கரவர்த்தி எடோவுக்கு வந்தார். நகரம் தோக்கியோ எனப் பெயர் பெற்றது. சிந்தோ அரசின் சமயமாக ஒழுங்குசெய்யப்பட்டது. அரச விசுவாசம் அதன் உயிர்நாடியாயிற்று. பதினான்காம் நூற்றாண்டிற் சக்கரவர்த்திக்காக உயிர்கொடுத்த குசுனோக்கி மசஷிகேக்கு 1872 இல் கோபே நகரிற் புதுக்கோயில் எழுந்தது. விசுவாசிகளைத் தெய்வமாக்கும் அரசு துரோகியைத் தெய்வமாக வைத்திருக்க இயலுமோ? 1874 ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சக்கரவர்த்தி கந்தாக் கோயிலுக்கு எழுந்தருளினார். முன்னோரை எதிர்த்து மகுடஞ் சூடியவன் சந்நிதியில் அவர் தலைவணங்குவது தகாது. ஆகவே மசகாதோ மூலத்தானத்தினின்று நீக்கப்பட்டான். அவன் இடத்தில் ஹித்தாச்சிக் கடற்கரையிலுள்ள ஒவராய்க் கோயிலிலிருந்து சுக்குனஹிக்கோனா என்ற தெய்வம் அழைத்து அமர்த்தப்பட்டது. அத்தெய்வமே எபிசு என வழங்குவது. மசகாதோ முதன்முதல் அரசை எதிர்த்து வாளெடுத்த மாகாணமும் ஹித்தாச்சியே என்பது வரலாற்றின் குறும்பு.

இதனை வெறுங் கொடுங்கோன்மை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. அரசின் கொள்கையை ஏற்றுக்கொண்டால் அந்நடவடிக்கை அதன் முறையான முடிபே. பிழை, கொள்கையின் அடியிலேயே உள்ளது: தெய்வத்தின் தகுதியை அரசவைப் பட்டியலைக்கொண்டு அளக்கலாம் என்பது அக்கொள்கை. அதனை வகுத்தோரும் ஆவிக்கு அஞ்சாதவரல்லர். 1164 இல் நாடுகடத்தலில் மாண்டு, பேராவியாக அஞ்சப்பட்ட சுத்தோக்குச் சக்கரவர்த்தியின் ஆவியை 1868 இலேயே கியோத்தோவுக்கு அழைத்துக் கோயில் கொடுத்துச் சமாதானஞ் செய்தவர்களும் அவர்களே.

கந்தா மக்கள் கலகஞ் செய்யவில்லை. தங்கள் காணிக்கையை நிறுத்திக்கொண்டனர். மூலக்கோயிலின் உண்டியல் வற்றியது. வளாகத்துள் மசகாதோவுக்கென எழுந்த தனிச் சிறுகோயிலுக்குப் பணம் சேர்ந்தது. விழாவும் பொலிவிழந்தது. ஏறக்குறையப் பத்தாண்டுகளின் பின்னர், 1884 செப்டெம்பரில், மீண்டும் பெருவிழா எடுக்க முனைந்தபோது, கடும் புயல் நகரைத் தாக்கியது. மக்கள் அதனை ‘மசகாதோப் புயல்’ என்றனர். செய்தித்தாளும் அதனை நகைச்சுவையோடு எழுதியது. புயல் பருவமாகிய செப்டெம்பரில் விழா எடுத்தாற் புயல் வருதல் இயல்பே. விழாவும் 1892 இல் மே மாதத்துக்கு மாற்றப்பட்டது. ஆயினும், எந்தப் பெயரைக் கோயிலினின்றும் நீக்கினார்களோ அந்தப் பெயரை மக்கள் புயலுக்கே இட்டனர் என்பது நினைக்கத்தக்கது.

1923 செப்டெம்பர் 1 ஆந் தேதி பெருநிலநடுக்கமும் அதனால் மூண்ட தீயும் கோயிலை அழித்தன. 1934 இல் எழுந்த புதுக்கோயில் வெளித்தோற்றத்தில் மரபுவழிப்பட்டதாயினும், உருக்குக்கம்பியுங் கொங்கிரீற்றுங் கொண்டு கட்டப்பட்டது. அக்காலத்தில் இது புதுமை. 1945 மார்ச்சிற் குண்டுவீச்சால் நகரின் கீழைப்பகுதி சாம்பலானபோதும் இக்கட்டிடம் நின்றது அதனாலேயே. அதே ஆண்டு டிசெம்பர் 15 ஆந் தேதி, நாட்டைக் கைப்பற்றியிருந்த நேசநாட்டுத் தலைமையகம் சிந்தோவையும் அரசையும் பிரித்து ஆணையிட்டது. 1947 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு அப்பிரிவினையை உறுதிசெய்தது. இனி எத்தெய்வத்தை எங்கே வைப்பது என்பது கோயிலாரின் கருமமாயிற்று. ஆயினும் உடனே ஒன்றும் நிகழவில்லை. 1976 இல் யப்பானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆண்டு முழுவதும் காட்டிய வரலாற்றுத் தொலைக்காட்சி நாடகத்தில் மசகாதோ கதாநாயகனாகத் தோன்றினான். துரோகி என்று பாடநூல்களிற் படித்தவர்கள் எளியோர்க்கிரங்கிய வீரனாக அவனைக் கண்டனர். எட்டாண்டுகளின் பின் அவன் மூலத்தானத்துக்கு மீண்டான். எபிசுவை எவரும் வெளியேற்றவில்லை. மசகாதோ மூன்றாம் இருக்கையில் அமர்ந்தான்.

ஒத்தேமாச்சியிலுள்ள தலைமேட்டின் கதையும் கூறத்தக்கது. 1923 நிலநடுக்கத்தின் பின் அம்மேட்டைச் சமப்படுத்தி நிதியமைச்சின் தற்காலிகக் கட்டிடம் எழுப்பப்பட்டது. 1926 இல் நிதியமைச்சர் ஹயாமி இறந்தார். ஊழியர் சிலரும் மாண்டனர். மசகாதோவின் சினமென்ற பேச்சுப் பரவ, கட்டிடம் அகற்றப்பட்டுச் சாந்தி செய்யப்பட்டது. 1940 இல், அவன் இறந்து ஆயிரமாண்டு நிறைந்த அவ்வாண்டில், இடிவிழுந்து மூண்ட தீயில் அமைச்சின் கட்டிடங்கள் எரிந்தன. இவற்றைத் தற்செயல் என்பார்க்கு மறுப்பில்லை. ஆனால், அரசாங்கத்தின் கணக்கெழுதும் அமைச்சே ஓர் ஆவிக்கு அஞ்சிக் கட்டிடத்தைப் பிரித்தது என்பது தற்செயலன்று. நகரிலே விலைமிக்க நிலங்களுள் ஒன்றாகிய அவ்விடம் இன்றும் வெற்றிடமாகவே விடப்பட்டுள்ளது. 2021 இல் கற்றளத்தோடு திருத்தியமைக்கப்பட்டது.

கந்தாப் பெருவிழா ஒற்றைப்படை ஆண்டுகளின் மே மாதத்திலே நிகழ்வது. பெருந்தொற்றால் 2021 இல் தடைப்பட்ட ஊர்வலம் 2023 இல் மீண்டும் நடந்தது. மூன்று தெய்வங்களும் பல்லக்கேறி, கோயிலைச் சேர்ந்த 108 வட்டாரங்களை வலம்வரும். வழியில் ஊர்வலம் ஒத்தேமாச்சியில் நின்று, தலைமேட்டின் முன்னே பூசை நிகழும். சக்கரவர்த்தியின் மாளிகையைச் சூழ்ந்த அகழி அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில் உள்ளது.