குளூட்டன் இல்லாத மாவு: ஷாதிபூர் வழியாக ஒரு சமையலறை வரலாறு

'குளூட்டன் இல்லாதது' என்ற முத்திரையுடன் இன்று கடைகளில் விற்கும் மாவுப் பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பவை அரிசி, கேழ்வரகு, சோளம், கம்பு ஆகியவையே. நூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ் பேசும் நிலத்தின் பெரும்பாலான வீடுகளில் மாவு என்றாலே இதுதான். அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. அப்பெயர் எப்போது, யாருக்காகத் தேவைப்பட்டது என்ற கேள்வி, தானியங்களின் வரலாற்றோடு அவற்றை அரைத்த கைகளின் வரலாற்றையும் சேர்த்தே எழுப்புகிறது.

இக்கேள்வியை வைத்துப் பார்க்கத் தகுந்த இடங்களுள் ஒன்று அந்தமானின் ஷாதிபூர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி அது. 'ஷாதி' என்றால் திருமணம். மணம் முடித்த கைதிகள் குடியமர்ந்த இடம் என்பதே அப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம். 1858 மார்ச்சில் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். ஆண்டுகள் செல்ல, நன்னடத்தை பெற்ற கைதிகளுக்குச் சொந்தமாகப் பிழைத்துக்கொள்ளும் அனுமதி கிடைத்தது. பெண் கைதிகளை மணந்து தனி வீடு அமைக்கவும் வழி பிறந்தது. சாதியும் மொழியும் ஊரும் கலந்த அந்த மணங்களிலிருந்தே 'லோக்கல் பார்ன்' எனப்படும் தீவுச் சமூகம் உருவாயிற்று.

சிறைக் கொட்டடியில் உணவு பொதுச் சமையலில் வந்தது. மணமான கைதியின் வீட்டில் அடுப்பு தனி. மாவும் தனியே ஆக வேண்டும். திரிகை சுற்றுவது வட இந்தியச் சிறைகளின் வழக்கமான தண்டனை வேலை. சிறைக்குப் போவதைச் 'சக்கி அரைப்பது' என்றே இந்திப் பேச்சுவழக்கு இன்றும் குறிக்கிறது. சிறையில் தண்டனையாக எண்ணப்பட்ட அதே உழைப்பு, வீட்டில் மனைவியின் கடமையாக எண்ணப்பட்டது. மாவின் வரலாற்றை எழுதுவோர் மறக்கக் கூடாத முதல் செய்தி இது.

இத்தீவுகளில் கோதுமை விளைவதில்லை. நிலைத்த தானிய வேளாண்மையே 1858க்குப் பின் வந்ததுதான். அதற்கு முன் அந்தமானின் பழங்குடிகள் வேட்டையாடியும் மீன்பிடித்தும் கிழங்கும் கனியும் தேனும் திரட்டியும் வாழ்ந்தனர். நிக்கோபாரியர் தாழை இனத்தைச் சேர்ந்த ஒரு பெரும் பழத்தை வேகவைத்து, சதையைச் சுரண்டி, நாரை நீக்கிப் பிசைந்து உணவாக்கினர். தானியமே இல்லாமல் மாவுணவு ஆக்கும் அந்த முறையும் கடும் கையுழைப்பைக் கேட்பதே. பின்னர் நெல் இங்கே பயிராயிற்று. கோதுமையோ இன்றுவரை கப்பலில் வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ரொட்டி உண்ணும் மரபும் சோறு உண்ணும் மரபும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில், சந்தித்த நகரம் இது.

அச்சந்திப்பின் பொருளை அறிய இரு மாவுகளின் இயல்பையும் அறிய வேண்டும். கோதுமையில் உள்ள கிளையடின், குளூட்டெனின் என்னும் புரதங்கள் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது இழுபடும் வலைப்பின்னலாகின்றன. அதுவே குளூட்டன். மெல்லிய சப்பாத்தியும் உப்பும் ரொட்டியும் அதனால் இயல்கின்றன. அரிசிக்கும் கேழ்வரகுக்கும் அந்த வலை இல்லை; குளிர்ந்த நீரில் பிசைந்து தேய்த்தால் விரிந்து உடையும். தென்னகச் சமையல் இக்குறையைப் பல வழிகளில் கடந்தது. கொதிநீர் ஊற்றி மாவுச்சத்தை இளக்கிப் பசையாக்குவது ஒரு வழி. இடியாப்பமும் கொழுக்கட்டையும் அதன் விளைவு. கொதிக்கும் உலையில் மாவைத் தூவிக் கிண்டுவது இன்னொரு வழி. களி அப்படிப் பிறந்தது. உளுந்தின் கொழகொழப்பைத் துணைக்கழைத்துப் புளிக்கவிட்டது இட்லியும் தோசையும். புட்டோ, ஒட்ட வேண்டிய தேவையையே நீக்கிவிட்டு, உதிர்ந்த மாவை உதிர்ந்தபடியே ஆவியில் வேகவைத்தது. இவற்றை எளிய உணவு என்று ஒதுக்குவோர், அவற்றுக்குள் இருக்கும் பொருளறிவைக் காணத் தவறுகின்றனர்.

மாவு ஆக்கும் முறையும் தானியத்துக்குத் தானியம் வேறுபட்டது. கேழ்வரகின் மேல்தோல் எளிதில் உதிர்வது. கல் நீக்கி, கழுவி, உலர்த்தி அப்படியே முழுதாக அரைக்கலாம். முளைகட்டி, நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்தால் குழந்தைக்கான கஞ்சி மாவாகும். புட்டுக்குப் பச்சரிசியை ஊறவைத்து, நீர் வடித்து, ஈரம் இருக்கையிலேயே உரலில் இடித்து, சலித்து, வறுக்க வேண்டும். தினை, சாமை, வரகு ஆகியவற்றுக்கு முதலில் உமி நீங்க வேண்டும். வரகின் உமி அவற்றுள் மிகக் கடினமானது. பெரும்பாணாற்றுப்படை முல்லை நிலச் சிற்றூரைச் சொல்லும்போது திரிமரத்தைக் குறிப்பிடுவதை இங்கே நினைவுகூரலாம். உலக்கைப் பாட்டான வள்ளைப்பாட்டு, சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலும் இடம்பெற்றது. மாவிடிக்கும் உழைப்பு இலக்கியத்துக்குள் நுழைந்தபோதும் பெண்ணின் குரலிலேயே நுழைந்தது.

அந்த உழைப்பு ஏன் அன்றாடம் தேவைப்பட்டது என்பதற்குத் தானியத்திலேயே ஒரு விடை உண்டு. முழுத் தானியத்தின் முளைப்பகுதியில் எண்ணெய் இருக்கிறது. அரைத்தவுடன் அது நொதிகளோடும் காற்றோடும் கலந்து கெடத் தொடங்கும். கம்பு மாவு சில நாள்களிலேயே கசந்துவிடும். ஆகவே தானியத்தைக் குதிரில் மாதக்கணக்கில் வைக்கலாம். மாவை வைக்க முடியாது. முளையும் தவிடும் நீக்கப்பட்ட மைதா நெடுங்காலம் நிற்கும். கப்பலேறிக் கடல் கடக்கும். எந்த மாவு உலக வணிகப் பொருளாகும், எது வீட்டிலேயே தங்கும் என்பதை இந்த வேதியியலும் சேர்ந்தே தீர்மானித்தது.

கோதுமை சிலரை நோயுறச் செய்கிறது என்பதை மருத்துவம் மெல்லவே கண்டது. 1888இல் லண்டனில் சாமுவேல் ஜீ சீலியாக் நோயைத் தெளிவாக விவரித்து, அதன் தீர்வு உணவில்தான் இருக்க வேண்டும் எனக் கருதினார். எந்த உணவு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே 1930களிலேயே கோதுமையை ஐயுற்றார். 1944-45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி அரிதாயிற்று. அப்போது நோயுற்ற குழந்தைகள் தேறினர், கோதுமை திரும்பியதும் மீண்டும் நலிந்தனர். 1950இல் அவரது ஆய்வேடு வெளிவந்தது. அதே 1944-45இல் அந்தமானும் பட்டினியில் கிடந்தது. 1942 மார்ச்சில் தொடங்கிய ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கடைசிக் கட்டத்தில் கப்பல் வரத்து நின்று, மக்கள் கிழங்குப் பயிர்களை நம்பி வாழ நேர்ந்தது. ஓரிடத்துப் பஞ்சம் மருத்துவ நூலில் ஏறியது. மற்றது தீவின் நினைவில் மட்டும் தங்கியது.

தமிழகத்தில் கோதுமையின் வருகைக்கு வேறொரு பஞ்சம் காரணம். 1954இன் அமெரிக்கச் சட்டமான பி.எல். 480இன் கீழ் 1956இல் இந்தியா உடன்படிக்கை செய்துகொண்டது. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியாயிற்று. அரிசித் தட்டுப்பாடு 1967 தேர்தலின் மையப் பொருளாகி, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தை எழுப்பிய காலத்தில், கோதுமையும் மைதாவும் தமிழ்த் தட்டில் இடம்பிடித்தன. பின்னர் பசுமைப் புரட்சி நெல்லையும் கோதுமையையும் உயர்த்தி, சிறுதானியங்களை ஓரத்துக்குத் தள்ளியது. நீரிழிவுக்குச் சப்பாத்தி என்ற அறிவுரை கோதுமைக்கு மருந்தின் மதிப்பையும் அளித்தது.

இம்மாற்றத்தின் உடலியல் விலையை 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளவிட உதவுகிறது. இராமகிருஷ்ணாவும் குழுவினரும் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தனர். சீலியாக் எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 விழுக்காட்டினரிடமும் தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினரிடமும் இருந்தது. நோய்க்கு இடமளிக்கும் மரபணு வகையோ வடக்கில் 38.1, தெற்கில் 36.4 விழுக்காடு; ஏறத்தாழ ஒரே அளவு. வேறுபட்டது தட்டு: நாள் ஒன்றுக்கு வடக்கில் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். தென்னகத்தைக் காத்தது குருதியைவிட மாவு என்றே இவ்வெண்களைப் படிக்கத் தோன்றுகிறது. அந்த மாவு மாறும்போது காப்பும் மாறக்கூடும்.

நோயுற்றவருக்கு இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய அரைவை இயந்திரம் ஈர மாவை வீட்டுக்குள்ளேயே தக்கவைத்தது. உலர் மாவோ தெருமுனை மில்லுக்குப் போயிற்று. பெண்களின் முதுகையும் தோளையும் மீட்ட மாற்றம் அது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் மில்லின் கல் பொது. இந்திய உணவுத் தர ஆணையத்தின் வரம்பு, ஒரு கிலோவில் 20 மில்லிகிராம் குளூட்டன். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று கொண்டால், அது 0.2 கிராம் கோதுமை மாவுக்குச் சமம். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. முந்தைய வாடிக்கையாளரின் கோதுமை அரைத்த கல்லில் தங்கும் தூசியே அந்த வரம்பைத் தாண்டிவிடும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதால், சாம்பாரும் ஐயத்துக்குரியதாகிறது. எனவே முழுத் தானியத்தை வாங்கி, பொறுக்கி, கழுவி, உலர்த்தி, வேறெதற்கும் பயன்படாத தனிக் கருவியில் அரைப்பது ஏக்கத்தால் எழும் பழக்கம் அன்று. அது மருத்துவத் தேவை.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி, பாட்டியின் திரிகையைப் போற்றும் எழுத்து பெருகியது. அப்போற்றுதல் திரிகையைக் காண்கிறது, பாட்டியைக் காண்பதில்லை. சீலியாக் நோயுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் தனி மாவு, தனிச் சல்லடை, தனிப் பாத்திரம் என்ற பொறுப்பு இன்றும் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. பணமுள்ள வீடு அந்த உழைப்பைப் பொட்டலமாக வாங்கிக்கொள்கிறது. இல்லாத வீடு அதைப் பெண்ணிடமிருந்தே பெறுகிறது. கோதுமை அரைக்காத ஓர் இயந்திரத்தை ஊருக்கு ஒன்றேனும் மகளிர் குழுக்களோ கூட்டுறவு அமைப்புகளோ நடத்துமானால், நோயாளியின் பாதுகாப்பும் பெண்ணின் ஓய்வும் ஒருங்கே கைகூடும். எல்லாத் தானியமும் ஒரே படகுத்துறையில் இறங்கும் தீவு நகரத்தில் அதன் தேவை இன்னும் கூடுதல். ஷாதிபூரின் முதல் வீடுகளில் மாவு யாருடைய கையால் ஆயிற்று என்பதை நினைவில் கொண்டால், அடுத்த தலைமுறையின் மாவு யாருடைய கையால் ஆக வேண்டும் என்பது உணவியலோடு நில்லாமல் நீதியைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.