உபாத்தியாயர் வேறு, ஆசாரியர் வேறு: பள்ளித் தலைமைப் பயிற்சி பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

நம்ம ஊர்ப்பக்கம் ஹெட்மாஸ்டரைப் ‘பெரிய வாத்தியார்’ என்பார்கள். வாத்தியார் என்பது உபாத்தியாயர் என்ற சொல்லின் திரிபு. ஆகப் பெரிய வாத்தியார் என்றால் பாடம் நடத்துகிறவர்களில் மூத்தவர், அவ்வளவுதான். நம் நாட்டுப் பள்ளித் தலைமையின் கதையில் பாதி இந்தப் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. நன்றாகப் பாடம் நடத்தினார், சர்வீசும் ஆயிற்று, நாற்காலியில் உட்கார வைத்தோம். உட்கார்ந்து என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க நெடுங்காலம் ஏற்பாடே இல்லை.

சமணர்களாகிய நாங்கள் தினமும் சொல்லும் பஞ்ச நமஸ்காரத்தில் ஐவருக்கு வணக்கம்: அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள். ஆசாரியரும் உபாத்தியாயரும் ஒருவர்தானே என்று பலர் என்னிடம் கேட்டதுண்டு. இல்லை. ஆகமம் ஓதிக்கொடுப்பவர் உபாத்தியாயர். அவருக்கு 25 குணங்கள் சொல்வார்கள். ஆசாரியருக்கு 36. சங்கத்தை நடத்துவது ஆசாரியர் பொறுப்பு. யாருக்குத் தீட்சை கொடுக்கலாம், யாரை இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம், நெறி தவறியவருக்கு என்ன பிராயச்சித்தம் என்பதெல்லாம் அவர் தீர்மானிக்க வேண்டியவை. கடை பாஷையில் சொன்னால், சரக்கு தெரிந்தவன் எல்லாம் கடை நடத்திவிட முடியாது.

அந்தப் பொறுப்பைக் கைமாற்றுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். சிவாரியர் பிராகிருதத்தில் இயற்றிய பகவதி ஆராதனையில் இது விரிவாக வருகிறது. சல்லேகனை ஏற்க விரும்பும் ஆசாரியர், தகுதியான சீடரைத் தாமே தேர்ந்து, கணத்தாரைக் கூட்டி, அவர்கள் முன்னிலையில் பொறுப்பை ஒப்படைக்கிறார். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார். புதியவருக்கு எப்படி நடத்தவேண்டும் என்று உபதேசிக்கிறார். பிறகு அந்தக் கணத்தை விட்டே வேறு கணத்துக்குப் போய்விடுகிறார். பழைய தலைவர் பக்கத்திலேயே இருந்தால் புதியவர் சொல் எடுபடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! அடுத்து ஆசாரியர் ஆகப்போகிறவருக்கு ஏலாசாரியர் என்று தனிப் பட்டமும் உண்டு. பொன்னூர் மலையில் நாங்கள் வழிபடும் குந்தகுந்தருக்கும் மரபு அந்தப் பெயரையே வழங்குகிறது.

ஏட்டோடு நின்றுபோன வழக்கம் அல்ல இது. 1972 நவம்பரில் ராஜஸ்தானத்து நசீராபாத்தில் ஆசாரியர் ஞானசாகரர், 26 வயதுச் சீடர் வித்யாசாகரருக்குப் பதவியைத் தந்துவிட்டு, அவரையே குருவாகக் கொண்டு சல்லேகனை வேண்டினார். 2024 பிப்ரவரியில் டோங்கர்கட் சந்திரகிரியில் வித்யாசாகரரும் அதேபோல் பொறுப்பைச் சமயசாகரருக்கு விட்டுவிட்டே உடல் நீத்தார்.

இது துறவிகள் சமாசாரம், பள்ளிக்கூடத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பள்ளி என்ற சொல்லே முதலில் துறவிகள் தங்கிய இடத்தைத்தானே குறித்தது? வந்தவாசிப் பக்கம் வேடலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு, 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவி. அவரிடம் 500 மாணவியர். இவர்களுக்கும் தவத்தியர் 400 பேருக்கும் ஒத்துப்போகவில்லை. ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவருடைய மாணவியரையும் காத்து உணவளிப்பதாக எழுதிக்கொடுக்கிறார்கள். மாணவர் சண்டை, சாப்பாடு, ஊர்க்காரர் ஆதரவு: இன்றைய பிரின்சிபாலின் மேஜையில் கிடக்கும் அதே கோப்புகள். அந்த அம்மையாரைக் கல்வெட்டு குணகீர்த்தி பட்டாரகரின் மாணாக்கியார் என்று அறிமுகப்படுத்துகிறது. யாரிடம் பயின்றவர் என்பதே அன்றைய சர்டிபிகேட்.

சுதந்திர இந்தியா இதற்கு வந்து சேரக் காலம் பிடித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953இல் அறிக்கை தந்தது. பள்ளியின் பெயரும் மதிப்பும் தலைமை ஆசிரியரையே பெரிதும் பொறுத்தவை என்று அது எழுதியது. அதே ஆண்டு சிம்லா மலையில் தாராதேவியில் தலைமை ஆசிரியர்களுக்கென ஒரு கருத்தரங்கு நடந்தது. 1962இல் யுனெஸ்கோ துணையுடன் டில்லியில் ஓர் ஆசிய மையம் வந்தது. ஆனால் அதன் பெயரைப் பாருங்கள்: கல்வித் திட்டமிடுவோர், நிர்வாகிகள், மேற்பார்வையாளர்களுக்கான மையம். பள்ளியை நடத்துகிறவர் பெயரில் இல்லை! அதுவே 1970இல் தேசிய ஸ்டாஃப் காலேஜ் ஆகி, 1979இல் ‘நீபா’ ஆயிற்று. அரவிந்தர் மார்க்கில் என்.சி.இ.ஆர்.டி. பக்கம் போகிறவர்கள் அதன் பலகையைப் பார்த்திருப்பீர்கள். பள்ளித் தலைமைக்கென்றே தேசிய மையம் அங்கே அமைந்தது 2012இல்தான். 2014இல் அதன் பாடத்திட்டச் சட்டகம் வெளிவந்தது. தன்னை வளர்த்துக்கொள்வது, கற்பித்தலை மாற்றுவது, குழுவை நடத்துவது, ஊரோடு கூட்டுறவு எல்லாம் அதில் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை முதல்வர்களுக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி எதிர்பார்க்கிறது.

நல்லதுதான். குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இவை பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வருகிற பயிற்சி. ஏலாசாரியர் காலம் என்று ஒன்று எங்கும் இல்லை.

வடக்கே ஒரு நகரத்துப் பள்ளி நிர்வாகக் குழுவில் சில வருஷம் இருந்தேன், பெயர் வேண்டாம். அருமையான பௌதிக ஆசிரியர் ஒருவர் முதல்வர் ஆனார். ஒரே வருஷத்தில் பீஸ் தகராறு, பஸ் தகராறு, இரண்டு டீச்சர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மனுஷர் ராத்திரி தூக்கம் கெட்டு, மறுபடி வகுப்புக்கே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கு ஒரு நல்ல வாத்தியார் திரும்பக் கிடைத்தார்; முதல்வர் அறை காலி.

அடுத்தவரை நியமிக்கும்போது, பொறுப்பு ஏற்க ஆறு மாதம் முன்பே அவரைத் தற்காலிக முதல்வர் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்றேன். இரண்டு பேருக்குச் சம்பளமா என்றார்கள். என் கடையில் கல்லாவைக் கொடுக்குமுன் ஒரு பையனைப் பக்கத்தில் வைத்து மூன்று வருஷம் பழக்கினேன், அவனுக்கும் சம்பளம் கொடுத்துத்தான் என்றேன். இரண்டு மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.